மழைமேற் சுமத்தும் பழி

மனிதனுடைய உருவமும் குணமும் அவன் பிறந்த நாட்டின் சுவாத்தியத்தினாலேயே அமைகின்றன என்னும் கொள்கை மிகப் பழையது. 1748ஆம் ஆண்டிலே சட்டங்களின் உட்பொருளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மொன்ரெஸ்கியூ, வெப்ப நாட்டு மக்கள் அச்சமும் சோம்பலும் உடையோர் என்று எழுதினார். 1915இல் அமெரிக்கப் புவியியலாளரான எல்ஸ்வேர்த் ஹன்ரிங்ரன், நாகரிகத்தின் உயர்வு தாழ்வுகளைக் காலநிலையைக்கொண்டு அளந்து, ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் முதன்மை பெற்றதற்கு அவற்றின் ஊக்கமூட்டும் வானிலை பெருங்காரணம் என்று காட்ட முனைந்தார். பீரங்கியைப் பற்றியும் அடிமை வியாபாரத்தைப் பற்றியும் வாய் திறவாமலே ஆதிக்கத்தை விளக்கிவிட இதனிலும் வசதியான சாத்திரம் கிடைத்திராது. இன்று அக்கொள்கையை அப்படியே எடுத்துரைக்கக் கற்றோர் கூசுவர். ஆயினும் கொள்கைகள் எளிதிற் சாவதில்லை. உடையை மாற்றிக்கொண்டு வருகின்றன.

அண்மைக் காலத்திலே மனித உயிரியல் அறிஞரும் பொருளியல் அறிஞரும் புதிய வினாவொன்றை எழுப்பியுள்ளனர். குழந்தை தாயின் வயிற்றிலிருந்த காலத்திலும், பிறந்தபின் முதற் சில ஆண்டுகளிலும் நிலவிய மழையும் வரட்சியும் அதன் வளர்த்தியை நிரந்தரமாகப் பாதிக்கின்றனவா என்பதே அவ்வினா. பொலிவியாவின் அமேசன் காடுகளில் வேட்டையும் சிறு பயிர்ச்செய்கையும் செய்து வாழும் சிமானே என்னும் ஆதிக்குடியினரிடையே, குழந்தைப் பருவத்து மழைக்கும் வளர்ந்தோரின் உயரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கட்டுரையொன்று 2008இல் வெளிவந்தது. மறு ஆண்டு மக்சினி, யாங் என்னும் இருவர் இந்தோனேசியாவின் கிராமங்களிலே 1953க்கும் 1974க்கும் இடையிற் பிறந்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பிறந்த ஆண்டில் அவ்விடத்து வழமையைவிட 20 வீதம் கூடுதலாக மழை பெய்திருப்பின், அவ்வாண்டிற் பிறந்த பெண்கள் வளர்ந்தபின் 0.57 சென்ரிமீற்றர் உயரமாகவும், பள்ளியிலே சற்றுக் கூடுதலான காலம் கற்றவர்களாகவும் இருக்கக் கண்டனர். ஆண்களிடத்தில் அவ்விளைவு காணப்படவில்லை.

இவ்வாய்வுகளை ஹன்ரிங்ரனின் நூலோடு ஒன்றாக வைத்து எண்ணுவது அநீதியாகும். இவை நேர்மையான முயற்சிகள். மனித உடல் சூழலினின்றும் தனித்து நிற்கும் பொருளன்று, அது வரலாற்றைத் தன்னுள்ளே பதித்து வைக்கின்றது என்பதை மெய்ப்பிப்பவை. பொருள்முதல்வாதிகள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் இவற்றை விருப்போடு கற்றல் வேண்டும். எனது வழக்கு இவற்றின் கணக்கோடு அன்று. இவை எழுதப்படும் வாக்கியத்தோடு. அவ்வாக்கியத்தில் எழுவாய் எப்பொழுதும் மழையாகவே இருக்கின்றது. மழை குறைந்தது, குழந்தை குறுகியது. இடையில் எவரும் இல்லை.

இடையில் நிகழ்வதைச் சற்று நிதானமாக நோக்குவோம். குழந்தையின் எலும்பு வானத்தை நேரே காண்பதில்லை. மழை பிழைத்தால் முதலிற் பயிர் பிழைக்கின்றது. பின்பு குதிர் வெறுமையாகின்றது. சந்தையிலே தானியத்தின் விலை ஏறுகின்றது. அதே வேளையில் எல்லோரும் கூலிக்கு அலைவதனாற் கூலி இறங்குகின்றது. கருவுற்ற தாய் தன் பங்கைக் குறைத்துக்கொள்கின்றாள். தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கின்றாள். பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கின்றது. ஆறு மாதத்தின்பின் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய உணவு வெறுங் கஞ்சியாகிவிடுகின்றது. மழை மிகுந்தாலோ வேறொரு வழி. மலசலகூடமற்ற குடியிருப்பின் அழுக்கெல்லாம் ஊற்றில் வந்து சேர்கின்றது, வயிற்றோட்டம் பற்றுகின்றது, உண்ட சிறிதும் உடலிற் சேர்வதில்லை. ஈரத்திற் பூஞ்சணம் பிடித்த தானியம் நஞ்சாகின்றது. குளிர் மலைகளிலே சாளரமற்ற குடிசைக்குள் விறகெரித்துக் குளிர்காயும்போது புகை குழந்தையின் நெஞ்சை அடைக்கின்றது. காய்ச்சலோடு போராடும் உடல் வளர்வதை நிறுத்தி வைக்கின்றது. நீண்ட எலும்புகள், சிறப்பாகக் காலெலும்புகள், விரைந்து வளரும் காலம் இதுவே. இக்காலத்தில் நின்றது பின்னர் முழுமையாக ஈடுசெய்யப்படுவது அரிது.

இந்த நீண்ட சங்கிலியிலே வானிலை முதற் கண்ணி மாத்திரமே. குதிர், சந்தை, கூலி, ஊற்று, குடிசை என்பன மனிதர் அமைத்தவை. நமது பழைய இலக்கணகாரர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். ஆயினும் அவற்றிலிருந்து நேரே உரிப்பொருளுக்குத் தாவிவிடவில்லை. உணவையும் தொழிலையும் உள்ளடக்கிய கருப்பொருளை நடுவே வைத்தனர். இன்றைய ஆய்வாளர் பலர் முதற்பொருளிலிருந்து உரிப்பொருளுக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடுகின்றனர்.

இதனை ஒரு நாட்டின் உதாரணங்கொண்டு காட்டுதல் நன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவிலே மக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் மாயா இனத்துக் குடிகள். கிச்சே, மாம், கக்சிக்கேல், கெக்சி, சோர்த்தி என இருபதுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுவோர். 2014–15ஆம் ஆண்டின் தேசிய தாய்சேய் நல அளவீட்டின்படி, அந்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 வீதமானோர் வளர்த்தி குன்றியவர். ஆதிக்குடிக் குழந்தைகளிடையே இத்தொகை 58 வீதம். பசியில் வாடும் ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலும் இது கூடியது. ஆனால் குவாத்தமாலா அவற்றைப் போன்ற வறிய நாடன்று. அதன் கோப்பியும் சீனியும் வாழைப்பழமும் உலகெங்கும் செல்கின்றன.

அந்நாட்டின் கிழக்கே ‘வரண்ட பட்டி’ எனப்படும் பிரதேசம் உண்டு. ஆடி ஆவணி மாதங்களிலே மாரியின் நடுவில் வரும் சிறு வரட்சியை அம்மக்கள் ‘கனிக்குலா’ என்பர். அது சில நாளில் ஓய்ந்தால் சோளம் தப்பும்; நீண்டால் கதிர் பால் பிடிக்குமுன் கருகும். வானிலையே குழந்தையின் உயரத்தை நிர்ணயிப்பதாயின், வரட்சி மிகுந்த மாகாணத்திலேயே மிகக் குறுகிய குழந்தைகளைக் காணவேண்டும். நிலைமை அவ்வாறில்லை. மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள எல் புரோகிரெசோ மத்திய அமெரிக்காவிலேயே மிக வரண்ட இடங்களுள் ஒன்று. அங்கே குன்றிய குழந்தைகளின் வீதம் நாட்டுச் சராசரிக்கு வெகு கீழே. மிகக் கொடிய நிலை காணப்பட்டது மேற்கு மலைநாட்டுத் தொதொனிகாப்பானிலே. அங்கு 2014–15இல் பத்துக் குழந்தைகளில் எழுவர் வளர்த்தி குன்றியிருந்தனர். எல் புரோகிரெசோவில் வாழ்வோர் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் கலப்பினத்தார். தொதொனிகாப்பானில் வாழ்வோர் கிச்சே மக்கள். மேகங்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

வேறுபாட்டைத் தெரிந்து செயற்பட்டது அரசு. 1871இன் பின் ஆட்சிக்கு வந்த தாராளவாதிகள் கோப்பிப் பயிருக்காக மலைச்சாரல்களிலிருந்த கிராமங்களின் பொதுநிலங்களைத் தனியுடைமையாக்கினர். நிலமிருந்தாற் போதாது, கையும் வேண்டும். 1877இல் இயற்றப்பட்ட கூலியாட் சட்டம் மலைநாட்டு மக்களைக் கடன் என்னும் கயிற்றாற் கட்டித் தோட்டங்களுக்கு இழுத்துச் சென்றது. 1934இல் சர்வாதிகாரி உபிக்கோ வேறொரு வழி கண்டான். போதிய நிலமில்லாதவன் ‘நாடோடி’ எனக் கொள்ளப்பட்டு, ஆண்டுக்கு 100 முதல் 150 நாள்வரை தோட்டங்களில் வேலை செய்ததாகக் கைப்புத்தகத்திற் பதிவு காட்டவேண்டும் என்றான். நிலத்தைப் பறித்தவர்களே நிலமின்மையைக் குற்றமாக்கிய விந்தை! 1952இல் ஜனாதிபதி ஆர்பென்ஸ் கொண்டுவந்த 900ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தம் ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் குடும்பங்களுக்கு நிலம் வழங்கியது. 1954இல் அமெரிக்க உளவுத் தாபனத்தின் துணையோடு அவ்வரசு கவிழ்க்கப்பட்டு, வழங்கிய நிலம் திரும்பப் பறிக்கப்பட்ட கதை நம் வாசகர் அறிந்ததே. 1979ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பு, பண்ணைகளுள் 2.5 வீதமானவை விளைநிலத்தில் ஏறத்தாழ 65 வீதத்தைத் தம்வசம் கொண்டிருந்தன எனக் காட்டிற்று.

இவ்வாறு மலையின் செங்குத்தான சரிவுகளுக்குத் தள்ளப்பட்டவனின் கையிலே எஞ்சியிருப்பது ஒரு துண்டு நிலம். அதிற் சோளமும் அவரையும் பூசணியும் ஒன்றாக விதைக்கின்றான். நல்ல மழை பெய்த ஆண்டிலும் அந்த விளைச்சல் அடுத்த அறுவடைவரை போதாது. ஐப்பசியிலிருந்து மாசிவரை கோப்பி பறிக்கும் காலத்திற் குடும்பமாகத் தோட்டத்துக்கு இறங்கிச் சென்று கூலி பெறுகின்றான். அக்கூலி தீர்ந்து, குதிரும் காலியாகி, புதிய சோளம் முற்றாத சித்திரை முதல் ஆவணிவரையான காலத்தைப் பஞ்ச காலம் என்றே அம்மக்கள் அழைக்கின்றனர். ஆண்டுதோறும் வருகின்ற பஞ்சம் அது. மழை பிழைத்த ஆண்டுக்குத் தனியே பெயர் வைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது வழக்கமானது. ஆகவே, வானிலை ஆய்வாளர் ‘வழமையான ஆண்டு’ என்று எதனை அளவுகோலாகக் கொள்கின்றனரோ அதுவே ஒரு பஞ்ச ஆண்டு. வழமையிலிருந்து வானம் எவ்வளவு விலகிற்று என்று கணக்கிடும் முறை, அவ்வழமையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிடுகின்றது. இவ்வாய்வுமுறையின் அடிப்படைக் குறை இதுவே என்று நான் கருதுகின்றேன்.

2001ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குச் சான்று. சிக்கிமுலா மாகாணத்தின் ஹொகொத்தான், கமொத்தான் பகுதிகளில் வாழும் சோர்த்தி மக்களின் சோளம் அவ்வாண்டு வரட்சியாற் கருகியது. குழந்தைகள் பசியால் மடிந்தனர். எலும்புந் தோலுமான அவர்களின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. வரட்சி என்று எழுதினார்கள். சோளம் கருகியபோது அம்மக்கள் வழக்கம்போலக் கூலியை நம்பினர். ஆனால் சர்வதேசக் கோப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை 1989இல் முறிந்தபின் தள்ளாடிய கோப்பி விலை, அந்த ஆண்டிற் பல பத்தாண்டுகளிற் காணாத வீழ்ச்சியைக் கண்டிருந்தது. பழத்தைப் பறிக்கும் கூலிகூடக் கட்டாது என்று தோட்டக்காரர் செடிகளை அப்படியே விட்டனர். மழையும் விலையும் ஒருசேர வீழ்ந்தபோது குழந்தை வீழ்ந்தது. மழை பிழைத்தது வானத்தின் செயல். விலை பிழைத்தது எவருடைய செயல்?

கோப்பியைப் பற்றிப் பேசும்பொழுது இலங்கையைப் பேசாமல் விடவியலாது. 1869இல் இலங்கைத் தோட்டங்களிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இருபதாண்டுக்குள் இந்நாட்டுக் கோப்பியை அழித்து, தேயிலையை மலையேற்றியது. அதே நோய் 2012–13இல் குவாத்தமாலாவின் தோட்டங்களைத் தாக்கி, பறிப்புக் கூலியை நம்பியிருந்த மாயா குடும்பங்களின் வேலை நாட்களை விழுங்கியது. துரைமார் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறிக்கொண்டனர். கண்டிச் சீமைக்கு நடந்துவந்த கூலிகளின் வழித்தோன்றல்களுக்கு லயத்து அறை மாறவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டிலே, இலங்கைக் குழந்தைகளில் வளர்த்தி குன்றியோர் 17.3 வீதமாக இருந்தபோது, தோட்டப் பகுதியில் 31.7 வீதமாக இருந்தனர். மலையகத்திலே மழைக்குக் குறைவில்லை. அக்குழந்தைகளின் உயரத்துக்கு அவர்களது பரம்பரையைக் காரணங் காட்டும் கனவான்கள் இங்கும் உளர்.

பரம்பரை என்னும் அவ்வாதத்துக்கு மாயா மக்களே விடையளித்துள்ளனர். குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996வரை நீடித்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர் என்றும், இனங்காணப்பட்டோருள் 83 வீதமானோர் மாயா மக்கள் என்றும் உண்மை விளக்க ஆணைக்குழு 1999இல் அறிக்கையிட்டது. அக்கொலைக்களத்தினின்றும் தப்பியோடிய குடும்பங்கள் சில புளோரிடாவிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் குடியேறின. அவர்களின் பிள்ளைகளை மானிடவியலாளர் பெரி போகினும் அவருடைய தோழர்களும் அளந்தனர். குவாத்தமாலாவிலுள்ள அதே வயது மாயாப் பிள்ளைகளைவிட அவர்கள் சராசரி 11 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தனர். அவ்வுயர்ச்சியிற் பெரும் பகுதி கால்களின் நீளத்தில் இருந்தது. 2002இல் இம்முடிவு வெளியாயிற்று. அகதிகளாய்ச் சென்றவர்கள் செல்வராகிவிடவில்லை; கூலிகளாகவே உழைத்தனர். குழாயில் நல்ல தண்ணீர், பள்ளியில் மதிய உணவு, நோய் வந்தால் வைத்தியம் என்பனவே கூடுதலாகக் கிடைத்தவை. ‘குள்ள இனம்’ என்று நூற்றாண்டுகளாகக் கூறப்பட்டது ஒரு தலைமுறையிற் பொய்யாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்த்தி அளவுகோலும் இதனையே உணர்த்துகின்றது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளிலே நல்ல நிலைமையில் வளர்க்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ ஒரே அளவாக வளர்ந்தனர்.

புள்ளிவிபரகாரர் தவறவிட்டதை நாவலாசிரியர் ஒருவர் முன்பே கண்டிருந்தார். மிகுவேல் ஆஞ்சல் அஸ்தூரியாஸ் 1949இல் வெளியிட்ட ‘சோள மனிதர்’ என்னும் நாவலில், மோதல் மழைக்கும் மனிதனுக்கும் இடையே நிகழ்வதன்று. உண்பதற்காகச் சோளம் விதைப்பவனுக்கும், விற்பதற்காகக் காட்டை எரித்துச் சோளம் விதைப்பவனுக்கும் இடையே நிகழ்வது. மனிதன் சோளத்தினாலேயே படைக்கப்பட்டான் என்னும் மாயாத் தொன்மத்தை அவர் வெறும் அழகுக்காகக் கையாளவில்லை. சோளம் சரக்கானபோது மனிதனும் சரக்கானான் என்பதற்குத் தொன்மமே அவருக்கு மொழியாயிற்று.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு மகிழும் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ‘எல்லாம் நிலப் பிரச்சினையே, அது தீருமட்டும் பாலும் கஞ்சியும் வழங்குவது வெறுந் தருமம்’ என்று கூறி அப்பாற் செல்வோர் நம்மிடையே உண்டு. மழைமேற் பழி சுமத்துவது எவ்வளவு தவறோ, குழந்தையின் காலக் கணக்கை மறப்பதும் அவ்வளவு தவறு. 1969 முதல் 1977வரை, எல் புரோகிரெசோ மாகாணத்தின் நான்கு கிராமங்களில் மத்திய அமெரிக்கப் போசாக்கு நிறுவனம் ஒரு பரிசோதனை நடத்தியது. (அவை மாயாக் கிராமங்கள் அல்ல, ஸ்பானிய மொழி பேசும் ஏழைகளின் கிராமங்கள். அந்நாளில் அங்கும் குழந்தைகள் குன்றியே இருந்தனர்.) இரு கிராமங்களிற் புரதம் நிறைந்த ‘அத்தோலே’ என்னும் கஞ்சியும், மற்ற இரண்டிற் புரதமற்ற இனிப்புப் பானமும் வழங்கப்பட்டன. கஞ்சி உயரத்தைக் கூட்டியது. ஆனால் மூன்று வயதுக்கு முன் குடித்தவர்களுக்கு மாத்திரமே. பல்லாண்டு கழித்து அவர்களைத் தேடிக் கணக்கெடுத்தபோது, முதலிரு ஆண்டுகளில் அக்கஞ்சியைப் பெற்ற ஆண்கள் மற்றவர்களைவிட மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 46 வீதம் கூடுதலாக உழைத்தனர் என 2008இல் அறியப்பட்டது. காணிச் சீர்திருத்தம் பத்தாண்டு தாமதித்து வரலாம். வந்தபின் நிலம் விளையும். மூன்று வயதைக் கடந்துவிட்ட குழந்தைக்கு அது தாமதமாகவே வந்ததாகும்.

கூலி உயர்ந்தது ஆண்களுக்கு என்பதையும் கவனித்தல் வேண்டும். இந்தோனேசிய ஆய்விலே மழையின் விளைவு பெண்களிடம் மட்டுமே காணப்பட்டதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். அங்கே ஒரே கூரையின்கீழ், ஒரே மழையில், ஆண் குழந்தைக்கு எட்டாத பஞ்சம் பெண் குழந்தையை எட்டியது. குறைந்த சோற்றைப் பங்கிட்ட கை வீட்டுக்குள்ளே இருந்த கை. நிலப்பிரபுவைச் சுட்டும் விரலை இவ்விடத்தில் மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

2013ஆம் ஆண்டில் குவாத்தமாலாவின் சக்காப்பா நகரிலுள்ள சிறுவர் நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. கமொத்தான் பகுதியைச் சேர்ந்த ஐந்து சோர்த்திக் குழந்தைகள் போசாக்கின்றி வாடியமைக்கு அரசே பொறுப்பு என வாதிடப்பட்டது. அரசு தன் கடமையைச் செய்யாது விட்டமையினால் அக்குழந்தைகளின் உணவுரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது; பல அரசு நிறுவனங்கள் செய்யவேண்டியவற்றையும் கட்டளையிட்டது. வரட்சி அவ்வழக்கிலே பிரதிவாதியாக இருக்கவில்லை. மறு ஆண்டு, 2014இல், கனிக்குலா நீண்டது. வரண்ட பட்டியிற் சோளம் கருகியது. அரசு பல மாகாணங்களிற் பேரிடர் நிலையைப் பிரகடனஞ் செய்து, அதற்குக் காரணம் மழையின்மை என்று அறிவித்தது.